விழுவதற்கு மட்டும் ஓர் ஆள்

பந்து உருண்டையாக இருக்காது. உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு முனையும் கூம்பியிருக்கும். ஃபுட்பால் என்று பெயர், ஆனால் காலால் உதைப்பது அபூர்வம். கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டம். ஏன் அப்படிப் பெயர் என்று என்னிடம் கேட்காதீர்கள். வைத்தவன் அமெரிக்காக்காரன், அவனைக் கேளுங்கள்.

உங்களுக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் இன்னும் நான்கு கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். இப்படியே நகர்ந்து நகர்ந்து எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். போனில் ஆடுவது இன்னும் சுலபம். எறிகிறவன் மேல் விரலை வைத்துப் பின்னால் இழுங்கள். புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு தெரியும். விரலை விட்டால் பந்து பறக்கும். பிடித்தவன் தானே ஓடுவான். விரலை மேலேயோ கீழேயோ தள்ளினால் விலகி ஓடுவான். இரண்டு தடவை தட்டினால் தானாகச் சறுக்கித் தரையில் படுத்துக்கொள்வான். ஆட்டம் அங்கேயே நிற்கும், ஒருவரும் அவனைத் தொட மாட்டார்கள். எதிரிகள் பிடித்த பிறகும் கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால், திமிறிக்கொண்டு இன்னும் கொஞ்சம் போவான்.

அந்தத் திமிறல் என் தம்பியுடையது.

நான் உலகம்மாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஆங்கில இலக்கியம். கல்லூரியில் இருந்தபோது கடலையும் கப்பலையும் பற்றிய கவிதைகளை விளக்கி எழுதிக் கைதட்டு வாங்கினேன். இப்போது ‘நூறு கெஜம்’ என்கிற போன் விளையாட்டின் தமிழ் உதவிக்குழுவில், எந்த விரலை எங்கே வைப்பது என்று ஊராருக்குச் சொல்லித் தருகிறேன். படிப்பு வீணாகவில்லை என்று அம்மா நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவில் நிஜ மைதானங்களில் இந்த ஆட்டம் நின்று பல வருடங்கள் ஆகின்றன. முட்டி முட்டி மூளை கலங்கியவர்களின் குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போய் நிறுத்திவிட்டன. ஆடுவதுதான் நின்றது, ஒருவன் மேல் ஐந்து பேர் விழுவதைப் பார்க்கும் ஆசை நிற்கவில்லை. அந்த ஆசை போனுக்குள் போயிற்று, அங்கிருந்து கடல் தாண்டி பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த நூற்பாலைக்கு வந்து சேர்ந்தது.

முதல் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர் ஜெபசிங் சார், எங்கள் மேலாளர். நூல் சுற்றும் இயந்திரங்கள் நின்ற கூடத்தில் வரிசை வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பையன். உடம்பை ஒட்டிய வலைச்சட்டை, தலையில் வலைத்தொப்பி, கண்ணில் துணிக்கட்டு. ஏசி நன்றாக வேலை செய்தது. யாரும் அசையவில்லை. அவ்வப்போது ஒரு கட்டிலில் ஒரு உடம்பு மட்டும் வெட்டி இழுத்து அடங்கும்.

“என்ன சார் இது, ஆஸ்பத்திரியா?” என்று கேட்டேன்.

“சே, சே. பயப்படாதம்மா. ஒரு அடிகூட மேல படாது. கம்ப்யூட்டர் ஒருத்தன ஓட வச்சிரும், எறிய வச்சிரும். விழ வைக்கத் தெரியல அதுக்கு. என்ன கணக்குப் போட்டாலும் பொம்மை விழுத மாதிரிதான் விழுது. மனுஷன் விழும்போது எங்கயோ ஒரு எடத்துல உசுருக்குப் பயப்படுதான் பாரு, அது கணக்குல வரமாட்டேங்கு.”

“அதனால?”

“அதனால அந்தப் பயத்தை மட்டும் இவங்ககிட்ட கடன் வாங்குதோம். இன்னைக்கு நீ போன்ல ஆடுத. நாலு பேர் உன் ஆளைத் தூக்கிப் போடுதான். அந்த அடி நாளைக்குக் காலையில இங்க வரும். இவன் நரம்புக்கு மட்டும் அதை அனுப்புவோம். இவன் ஒடம்பு எப்படிப் பதறுதோ அதைப் பதிவு பண்ணி, உன் ஆட்டத்துல ஒட்டி, சாயங்காலம் உனக்கு அனுப்பிருவோம். ‘உங்கள் ஆட்டம், உண்மையான விழுகையோடு.’ சனங்க அதுக்குத்தான் அடிச்சிக்கிடுதாங்க.”

“ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தா?”

“வராது. பதிவு பண்ணுனதையே எடுத்துக்கிடுவோம். புது அடி மட்டும்தான் இங்க வரும். நம்ம என்ன கொடுமைக்காரங்களா?”

மூன்றாவது வரிசையின் கடைசிக் கட்டிலில் என் தம்பி வேம்புராஜ் படுத்திருந்தான். சட்டையில் முப்பத்துநாலு என்று எழுதியிருந்தது. போனில் அந்த எண்ணோடு ஓடுகிறவனுக்கு விழுகை இவனுடையது. எனக்கு முன்பே அவன் இங்கே சேர்ந்துவிட்டான். அவனை என்ன செய்கிறார்கள் என்று உள்ளேயிருந்து பார்க்கத்தான் நானும் சேர்ந்தேன். ஜெபசிங் சாருக்கு அது தெரியும். அவர் கவலைப்படவில்லை. பார்ப்பதால் என்ன ஆகிவிடும்?

வேம்பு கபடிக்காரன். சுரண்டையில் நடந்த ஒரு போட்டியில் ரெய்டு போனவனை ஐந்து பேர் சேர்ந்து பிடித்துவிட்டார்கள். இடுப்பில் ஒருவன், காலில் இரண்டு பேர், முதுகில் இரண்டு பேர். கபடியில் பிடிபட்டவன் மூச்சு விட்டுவிட்டால் அவுட். மூச்சை அடக்கி எப்படியாவது நடுக்கோட்டை ஒரு விரலால் தொட்டுவிட்டால், பிடித்த ஐந்து பேரும் அவுட். அதனால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பிடிபடுவதுதான் ஆட்டத்தின் தொடக்கம். வேம்பு அந்த ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டான். கூட்டத்தில் நின்ற கம்பெனி ஆட்கள் அன்றைக்கே அவனை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம். அடுத்த ஆடி வரை.

“ஏசி ரூம்ல மல்லாக்கப் படுத்துக் கெடக்கதுக்குச் சம்பளமாம்லா, கொடுத்து வச்சவன்” என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அம்மா பீடி சுற்றிக்கொண்டே பெருமையாகத் தலையை ஆட்டுவாள்.

ஒருநாள் டீக்கடையில் அவனுடைய பழைய அணிக்காரன் பின்னாலிருந்து வந்து, “ஏல வேம்பு!” என்று பிரியமாகத் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். வேம்பு அப்படியே மண்ணில் விழுந்து சுருண்டுகொண்டான். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு. டீ கொட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தான். நான் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சிரிக்கும்போது தாடை நடுங்கியது.

அப்புறம் டம்ளர் பிடிக்கும்போது கை ஆடத் தொடங்கியது. பஸ் பிரேக் போட்டால் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொள்வான். படியில் ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று காலைப் பார்ப்பான்.

ஆடி வரும்போது அவன் தன் காலில் நடந்து அந்த வாசலைத் தாண்ட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வேறெதையும் நான் கேட்கவில்லை.

காயம்பட்டால் இடையிலேயே விடுவிப்போம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. திருநெல்வேலியில் ஒரு நரம்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் படங்களை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

“எல்லாம் சுத்தமா இருக்கும்மா. எலும்பு, தசை, மூளை, ஒண்ணுலயும் ஒரு கீறல் கிடையாது.”

“அவனால டம்ளர் பிடிக்க முடியல டாக்டர்.”

“பாத்தேன். ரொம்ப அடிபட்டவங்களுக்கு இருக்கிற நடுக்கம் இருக்கு. ஆனா அடிபட்டதுக்கு அடையாளம் இல்லையே. நான் என்னன்னு எழுதிக் குடுக்க?”

“நடந்ததை எழுதுங்க.”

“எங்க நடந்துச்சு? அவரு ஒடம்புல எதுவுமே நடக்கலையேம்மா.” அவர் என்னை ஏமாற்றவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

அதன் பிறகு எனக்குக் கையில் இருந்தது ஒன்றுதான்: எப்படி ஆடுவது என்று சொல்லித் தருகிற வேலை.

எங்கள் தமிழ் ஆட்டக்காரர்களிடம் ஒரு கோளாறு இருந்தது. மற்ற ஊர்களில் ஆடுகிறவர்கள், அடிபடப் போகிறது என்று தெரிந்தால் இரண்டு தட்டுத் தட்டிப் படுத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் பந்து கையில் பத்திரமாக இருக்கும், அடுத்த முயற்சியில் பார்த்துக்கொள்ளலாம். சறுக்கிப் படுப்பது ஒரே மாதிரியான விழுகை. ஒரு தடவை பதிவானால் போதும், யாரும் யார் நரம்பையும் தொட வேண்டாம். நம் ஆட்கள் அதைச் செய்யவே மாட்டார்கள். பிடிபட்ட உடனே கட்டைவிரலை அழுத்திவிடுவார்கள், கோடு எங்கோ ஐம்பது கெஜம் தள்ளி இருக்கும்போதும். அத்தனை பேரும் கபடி பார்த்து வளர்ந்தவர்கள். பிடிபட்டவன் படுப்பதாவது!

“மேடம், படுத்தா கேவலமா இருக்கு” என்று ஒருவர் எழுதினார்.

“கேவலம் இல்லை சார். திமிறும்போது பந்து கைநழுவிப் போகும். எதிரணி எடுத்துக்கொள்ளும். சறுக்குங்கள், ஜெயிப்பீர்கள்” என்று பதில் எழுதினேன்.

நூறு பேருக்கு, ஆயிரம் பேருக்கு எழுதினேன். வழிகாட்டியை மாற்றினேன். திமிறும் பொத்தானைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்தேன். சறுக்குவதை முதல் பாடமாக வைத்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை. சறுக்கினால் உண்மையிலேயே நன்றாக ஆடலாம். ஒருமுறை மட்டும் கை மீறிப் போய்விட்டது. முப்பத்துநாலை வைத்துத் தலைகுப்புற விழுவது எப்படி என்று கேட்ட ஒருவரிடம், “அது என் தம்பி. நாளைக்குக் காலையில் நிஜமாகவே அவனுக்கு வலிக்கும்” என்று எழுதிவிட்டேன்.

பதில் உடனே வந்தது: “வேற லெவல் மேடம்! ஒரு ஆட்டோகிராஃப் வாங்கித் தருவீங்களா?”

நான் சிரித்துவிட்டேன். பக்கத்து நாற்காலிப் பெண் என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆனாலும் ஆட்கள் மெதுவாகச் சறுக்கத் தொடங்கினார்கள். ஜெயித்தால் யாருக்குத்தான் பிடிக்காது? மறுநாள் காலை முப்பத்துநாலுக்குப் போகக் காத்திருக்கும் புது அடிகளின் வரிசை குறைந்தது. வேம்பு ஒரு காலையில் தானே பல் தேய்த்து, தானே தலை சீவிக்கொண்டு, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றான். “என்னக்கா பாக்க?” என்றான். “ஒண்ணுமில்லல, போ” என்றேன். அன்றைக்கு உதவிக்குழுவில் என்னை மாதிரிப் பதில் எழுதியவள் யாரும் இல்லை.

அது நிலைக்கவில்லை. வரிசை குறைந்துகொண்டே போனது, ஆனால் அவன் கை மறுபடியும் ஆடத் தொடங்கியது. முன்பைவிட மோசமாக. தூக்கத்தில் பேச ஆரம்பித்தான். சாப்பிடும்போது திடீரென்று நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பான். எனக்கு விளங்கவில்லை. அடிகள் குறைந்தால் வலி குறைய வேண்டாமா?

அப்போதுதான் என் கண்ணில் அந்தப் பெயர் பட்டது. ‘கருப்பட்டி’. ஊர் முழுக்கச் சறுக்கும்போது சறுக்காத ஒரே ஆட்டக்காரன். எப்போதும் முப்பத்துநாலையே எடுப்பான். மறுநாளைக்கான வரிசை திறந்த உடனே உள்ளே வந்துவிடுவான். பந்தைப் பிடித்ததும் வெட்டவெளியில் ஓடாமல், மூன்று பேர் நிற்கிற இடமாகப் பார்த்துப் போய் முட்டுவான். குவியலைத் தாண்டிக் குதிப்பான். பக்கவாட்டில் சாய்ந்து விழுவான். ஒவ்வொன்றும் புதுசு. இதுவரை யாரும் விழாத மாதிரி.

அவனுக்கு நானே செய்தி அனுப்பினேன். “வணக்கம். சறுக்கிப் படுத்தால் உங்கள் ஆட்டம் மேம்படும். இரண்டு முறை தட்டிப் பாருங்கள்.”

பதில் வரவில்லை. மறுநாள் இன்னும் பணிவாக எழுதினேன். அதற்கடுத்த நாள் பணிவைக் குறைத்துக்கொண்டேன். ஒருமுறை மட்டும் பதில் வந்தது: “படுக்கதுக்கு எதுக்கு ஓடணும்?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எவனோ ஒருத்தன், தின்றது செரிக்க என் தம்பியைத் தூக்கி எறிந்துகொண்டிருக்கிறான். ஜெபசிங் சாரிடம் போய் நின்றேன்.

“சார், இந்த ஆளை நிறுத்துங்க.”

“யாரு, கருப்பட்டியா? நீ வேற. நம்ம தமிழ்ப் பக்கத்துல புதுசு புதுசா விழ வைக்கது இப்ப அவன் ஒருத்தன்தான். நீ எல்லாரையும் படுக்கச் சொல்லிக் குடுத்துட்ட. நல்லாத்தான் சொல்லிக் குடுக்க, நான் குறை சொல்லல. ஆனா வரிசை காத்து வாங்குதுல்லா.”

“காத்து வாங்குனா நல்லதுதான சார்? சும்மா படுத்திருக்கட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சும்மா எப்படிம்மா விட முடியும்? காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கட்டில் நேரம் இருக்குல்லா. ஆட்டக்காரங்ககிட்டேருந்து வரலேன்னா மிஷினே இட்டு நிரப்பிக்கிடும்.”

“எதை வச்சி?”

“அதுவா உண்டாக்குத அடிதான். இந்தப் பக்கம் இவ்ளோ வேகம், அந்தப் பக்கம் இவ்ளோ எடைன்னு வாய்க்கு வந்தபடி போட்டுப் பாக்கும். பின்னால எப்பவாது உதவும்லா.”

“எத்தனை நாளா சார்?”

“நீ வழிகாட்டியை மாத்துனேல்லா, அதுக்கப்புறந்தான். ஏம்மா, என்ன ஆச்சு? ஒக்காரு.”

நான் உட்காரவில்லை. எங்கே போய் உட்கார?

மறுநாள் ஞாயிறு. ஆலைக்கு விடுமுறை, திங்கட்கிழமைக்கான வரிசை அன்று மதியமே திறக்கும். அம்மா வாசல் நிழலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனேன். வேம்பு குப்புறப் படுத்திருந்தான். தலையணை மேல் போனைச் சாத்தி வைத்து, நடுங்குகிற வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, திரையில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். நான் வந்தது தெரியவில்லை. திரையின் மேல்மூலையில் ஒரு செய்தி பிரிக்கப்படாமல் தொங்கியது. “வணக்கம். சறுக்கிப் படுத்தால்...”

நான் கருப்பட்டிக்கு எழுதியது.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வைத்தேனா, போட்டேனா தெரியவில்லை.

“நீதானால கருப்பட்டி?”

அவன் திரும்பிப் பார்த்தான். திருட்டு முழி எதுவும் இல்லை. “ஆமா. நீதான் தெனமும் உயிர எடுக்கியாக்கும். படு, படுன்னு.”

“மூளை இருக்கால உனக்கு? நாளைக்கு யார் மேல விழும்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். தெரிஞ்சிதான் ஆடுதேன்.”

“ஏம்ல!”

“கத்தாத, அம்மைக்குக் கேட்கும்.” எழுந்து உட்கார முயன்றான், முடியவில்லை. நான் பிடிக்கக் கையை நீட்டினேன். அவன் உடம்பு என் கையைப் பார்த்ததும் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை, அவன் உடம்பு. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்துச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“எக்கா, அங்க நான் ஓடுதேன்னு நெனைக்கியா? ஓட்டத்தை எல்லாம் முதல் மாசமே பதிவு பண்ணி எடுத்துக்கிட்டானுவ. இப்ப எனக்கு வரது விழுகை மட்டுந்தான். கண்ணக் கட்டிருப்பானுவ. எங்க ஓடினேன், எதுக்கு ஓடினேன், யாரு புடிச்சான், ஒண்ணுந் தெரியாது. திடீர்னு முதுகுல வந்து விழும். அது முடியதுக்குள்ள அடுத்தது.”

நான் தலையணையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

“ஆனா முன்னயெல்லாம் மனுசன் அடிச்ச அடி. அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. ஒருத்தன் இடுப்பப் புடிப்பான், ஒருத்தன் பந்தைப் பறிப்பான். அடிய வச்சே ஆட்டத்தை நான் கண்டுபிடிச்சிருவேன். ஓ, இவன் நம்மள கோட்டுகிட்ட வச்சிப் புடிச்சிருக்கான், அப்ப கொஞ்சந்தான் பாக்கின்னு மனசுல ஓடும். தாங்கிக்கிடலாம். அப்புறம் என்னமோ ஆச்சிக்கா. வேற மாதிரி அடி வர ஆரம்பிச்சிட்டு. அதுல ஆளே இல்ல. கையி இல்ல, பந்து இல்ல, கோடு இல்ல. சும்மா தூக்கிச் சுவத்துல எறியுத மாதிரி. பத்துப் பக்கத்துலேருந்தும் ஒரே நேரத்துல வருது. அப்படி எந்த ஆட்டத்துலயும் யாரும் விழ முடியாதுக்கா.”

அது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் தெரிந்துகொண்டேன். நான் பேர் பேராக உட்கார்ந்து எழுதி, கெஞ்சி, சொல்லிக் கொடுத்து வரவழைத்தது. அதை அவனிடம் சொல்ல முடியவில்லை.

“அதான் நானே ஆட ஆரம்பிச்சேன். வரிசை தொறந்த உடனே என் ஆட்டத்தைப் போட்டு நெரப்பிருவேன். அப்ப மிஷினுக்கு எடம் இருக்காது. காலையில படுத்த உடனே வரும்லா, எனக்குத் தெரியும். இது நேத்து அந்த மூணு பேருகிட்ட போய் முட்டுனது. இது அந்தக் குவியல் மேல தாவுனது. வலிக்கத்தான் செய்யும். ஆனா எதுக்கு வலிக்குன்னு தெரியும். நான்தான ஓடுனேன்?”

“அப்ப சும்மா சறுக்குல. வலிக்காம.”

“சறுக்குனா புதுசுன்னு எடுக்காதுக்கா. எடுக்கலேன்னா எடம் காலியா கெடக்கும். காலியா கெடந்தா...”

வேலையை விட்டுவிடு, நாளையிலிருந்து போகாதே என்றெல்லாம் சொன்னேன். ஒப்பந்தத்தை முறித்தவன் ஒருத்தனை, ஆலங்குளத்துக்காரன், கம்பெனி கோர்ட்டுக்கு இழுக்க, கடைசியில் அவனே திரும்பி வந்து அதே கட்டிலில் படுத்த கதையைச் சொன்னான். எனக்கும் அந்தக் கதை தெரியும். தெரிந்தும் சொல்லிப் பார்த்தேன். வேறு என்ன சொல்ல?

அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு விரலைத் திரையில் ஊன்றினான். விரல் நிற்கவில்லை. எறிகிறவனைத் தொட்டுப் பின்னால் இழுக்க வேண்டும். புள்ளிக்கோடு திரை முழுக்கத் தாறுமாறாக ஆடியது. பந்து எதிரணிக்காரன் கையில் போய் விழுந்தது. இன்னொரு முறை. அதுவும் போயிற்று. வரிசையில் பாதிக்கு மேல் வெறும் கட்டங்களாகக் கிடந்தன.

“முன்ன இவ்ளோ மோசமில்ல” என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், “எக்கா, நீ ஆடேன்” என்றான்.

“நானா?”

“உன்னைவிட நல்லா ஆடத் தெரிஞ்சவ இந்த ஜில்லாவுல உண்டா? ஊருக்கே சொல்லிக் குடுக்க.”

“நான் மாட்டேன்.”

“சரி.” அவன் போனை என் பக்கம் நகர்த்தவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. வெறும் கட்டங்கள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒளிர்ந்துகொண்டிருந்தன. நான் ஆடாவிட்டால் அந்தக் கட்டங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. நாளைக் காலை அவற்றில் கை இல்லாத, பந்து இல்லாத ஏதோ ஒன்று வந்து நிரம்பும். அதை நிறுத்த ஜெபசிங் சாரால் முடியாது, மருத்துவரால் முடியாது, என் பட்டத்தால் முடியாது.

போனை எடுத்தேன்.

விரலைப் பின்னால் இழுத்து விட்டேன். பந்து சுத்தமாகப் பறந்தது. முப்பத்துநாலு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினான். என்ன ஓட்டம்! சுரண்டை மைதானத்தில் பார்த்த அதே ஓட்டம். இடது காலை ஊன்றி வலப்பக்கம் சாய்ந்து, பிடிக்க வந்தவன் கையில் வெறும் காற்றைக் கொடுத்துவிட்டு. வேம்பு முன்னால் குனிந்தான். “அப்படித்தான்! அப்படித்தான்! கீழ போ, கீழ போ!” என்றான். அவன் முகத்தில் எத்தனையோ மாதமாக இல்லாத ஒன்று வந்திருந்தது. நான் கடைசிக் கோட்டை நோக்கி அவனை விட்டுவிட்டேன். யாரும் இல்லை முன்னால். தாண்டிவிட்டான். எங்கள் பக்கம் ஆறு புள்ளிகள். வேம்பு ஓசையில்லாமல் சிரித்தான்.

திரையில் ஒரு வரி வந்தது: “விழுகை இல்லை. வரிசையில் சேர்க்கப்படவில்லை.”

இரண்டு பேரும் அதைப் படித்தோம்.

“நல்லாத்தான் ஓடுனேன்” என்றான் வேம்பு. “பரவால்ல. அடுத்ததுல விழு.”

அடுத்ததில் மெதுவான ஒன்றாகப் பார்த்தேன். ஒரே ஒரு ஆள், சின்ன ஆள், காலைத் தட்டிவிட்டு விழுகிற மாதிரி. திரை ஒப்புக்கொள்ளவில்லை: “ஏற்கெனவே பதிவில் உள்ளது.” இரண்டு ஆட்களோடு முயன்றேன். அதுவும் இருந்தது. மெதுவான விழுகைகளையெல்லாம் ஊரார் விழுந்து தீர்த்திருந்தார்கள். மிச்சம் இருந்தவை வேறு மாதிரியானவை.

அம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். மடியில் பீடித்தூள். “கழுத வயசாச்சு, ரெண்டும் சின்னப் பிள்ளையோ மாதிரி போனை வச்சி வெளையாடுதிய. ஏட்டி, அந்தக் கஞ்சியக் குடிக்க வையி அவன” என்று சொல்லிவிட்டு, எங்களைச் சேர்ந்து பார்த்ததில் சந்தோஷமாகத் திரும்பிப் போனாள்.

நான் மூன்று பேர் நிற்கிற இடமாகப் பார்த்து முப்பத்துநாலைத் திருப்பினேன். அவர்கள் கட்டிப் பிடித்தார்கள். ஒருவன் இடுப்பில், ஒருவன் கழுத்தில், ஒருவன் முழங்காலுக்குக் கீழே. கட்டைவிரலை எடுக்காமல் அழுத்தினேன். முப்பத்துநாலு திமிறினான். ஒரு கெஜம். அரைக் கெஜம். இனி சாய வேண்டும்.

“எக்கா” என்றான் வேம்பு, மிக மெல்ல, டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வை என்று சொல்லும் குரலில். “இடப்பக்கமா விழ வை. வலத்தோளு இனிமே தாங்காது.”

இடப்பக்கம் சாயும்படி விரலைத் தள்ளினேன். மூன்று பேரோடும் அவன் இடது தோளில் மோதிச் சாய்ந்தான்.

“புதிய விழுகை. ஏற்கப்பட்டது” என்றது திரை. ஒரு கட்டம் நிரம்பியது.

வேம்பு தன் இடது தோளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

“அடுத்தது எந்தப் பக்கம்ல?” என்று கேட்டேன்.